நான்கு மைக்ரோகிராமுக்குக் காரணம் சொல்லுங்கள்

ஐரோப்பிய ஆணையத்தின் உணவுப் பாதுகாப்புத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். திண்டிவனம் பக்கம் நிலக்கடலையைத் தரம் பிரித்து, வறுத்து ஏற்றுமதி செய்யும் சிறு வியாபாரி நான். அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு, கிலோவுக்கு 4 மைக்ரோகிராம் என்ற உங்கள் வரம்பைவிடக் கூடுதல் என்று எங்கள் சரக்கு உங்கள் துறைமுகத்திலிருந்து திரும்பி வந்திருக்கிறது. இங்கே ஆய்வகத்தில் தேறிய அதே மூட்டைகள்தான்.

யாரும் பொய் சொன்னதாக நான் கூறவில்லை. இந்த நஞ்சு சரக்கு முழுவதும் சீராகப் பரவுவதில்லை, பூஞ்சை பிடித்த சில பருப்புகளில் குவிந்திருக்கும். மாதிரி எடுப்பவர் கையில் அவை சிக்கினால் தோற்றோம், தப்பினால் தேறினோம். வரம்பைக் குறைக்கக் குறைக்க இந்தக் குலுக்கல் சீட்டில் எங்கள் பெயர் விழுவது அரிதாகிறது. போக வரக் கப்பல் வாடகை, துறைமுகக் கட்டணம், வங்கி வட்டி எல்லாம் என் தலையில். கடலையைக் கடனுக்குத் தந்த விவசாயிகள் வாசலில் நிற்கிறார்கள். அவர்களிடம் மைக்ரோகிராம் கணக்கை எப்படிச் சொல்வது?

அஃப்ளடாக்சின் கல்லீரல் புற்றுநோய் தரும் நஞ்சு. அதில் எனக்கு வழக்கில்லை. கிலோவுக்கு 4 மைக்ரோகிராம் என்ற உங்கள் எண்ணுக்குக் காரணம் சொல்லுங்கள் என்பதே என் கோரிக்கை. உலகச் சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் ஜெக்ஃபா நிபுணர் குழு 2016இல் என்ன சொன்னது? உண்ணத் தயாரான நிலக்கடலைக்கு 15க்குப் பதில் 4 என்று வைத்தாலும், பொதுமக்கள் உடலில் சேரும் நஞ்சு பெரிதாகக் குறையாது. ஆனால் நிராகரிக்கப்படும் சரக்கு ஏறக்குறைய 10 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகும். 2018இல் உங்கள் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்சாவோ, 4ஐ 10 ஆக்கினால் புற்றுநோய் அபாயம் 1.6 முதல் 1.8 மடங்காகும் என்றது. ஒரே நஞ்சு, ஒரே கடலை, இரண்டு பதில்கள். உலக அளவில் உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின் கூட்டங்களில் அவரவருக்குச் சாதகமான பக்கத்தைப் புரட்டிக் காட்டவா அறிவியல்?

திரும்பி வரும் கடலை எங்கே போகிறது என்று நீங்கள் கேட்டதுண்டா? எங்கள் ஊர்ச் சந்தைக்கு வந்தால் உங்களுக்குக் கவலை இல்லை. எங்கள் குழந்தைகளின் கல்லீரல் இரும்பால் ஆனது போலும்!

கோபத்தில் எல்லை மீறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உலக வணிக அமைப்பின் ஒப்பந்தம், கோடெக்ஸைவிடக் கடுமையான வரம்புக்கு அறிவியல் நியாயம் கேட்கிறது. எஃப்சாவையும் ஜெக்ஃபாவையும் ஒரே மேசையில் அமர்த்தி, இரு கணக்குகளும் எங்கே பிரிகின்றன என்று வெளிப்படையாக எழுதச் செய்யுங்கள். 4தான் சரி என்று அதில் தெரிந்தால், எங்கள் களத்தையும் கிடங்கையும் அதற்கேற்ப மாற்றப் பார்க்கிறோம். அதுவரை, தயவுசெய்து காரணம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
திண்டிவனத்துக் கடலை வியாபாரி