தேய்ப்புக்கடை அண்ணாச்சிக்கு நன்றி

வெள்ளத்தில் ஊர் எப்படிக் கிடந்தது என்று திரும்பச் சொல்லப் போவதில்லை. 2023 டிசம்பர் 17, 18 என்றாலே தாமிரபரணிக் கரையில் எல்லாருக்கும் தெரியும். 1992-ல் திண்ணையோடு நின்ற தண்ணீர் இந்த முறை பட்டாசலில், அதாவது கூடத்தில், இடுப்பளவு நின்றது, தொழுவத்து மண்சுவர் போச்சு, தேக்குத் தூணும் மச்சும் தப்பித்தன, நாங்களும்.

கடற்கரை ஊரில் இருந்து வள்ளத்தோடு வந்து அம்மாவைத் தூக்கிப்போன தம்பிகள், டிராக்டரில் இட்லி கொண்டுவந்தவர்கள், மூன்று நாள் சகதி அள்ளிய சித்தப்பா பிள்ளைகள், மோட்டார் தந்த பக்கத்து வீட்டு மதினி, எல்லாருக்கும் நன்றி. பேர் சொன்னால் யாரையாவது விட்டுருவேன்.

தேய்ப்புக்கடை அண்ணாச்சியைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லணும். அரங்கு என்கிற உள்ளறையில் இருந்த டிரங்குப் பெட்டியில் வீட்டுப் பத்திரமெல்லாம் ஊறி அப்பளக்கட்டு மாதிரி ஒட்டிக்கிடந்தது. நகல் போட்டுக்கலாம், தூக்கிப் போடு என்றார்கள். தேய்த்தால் காயுமோ என்று அவரிடம் கொண்டுபோனேன். அவர் கடையிலும் தண்ணீர் ஏறி இறங்கியிருந்தது. தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடு காட்டினா மை இளகிரும் தம்பி" என்று தேய்ப்புப் பெட்டியை ஓரம் வைத்தார். தன்னுடைய வெள்ளை வேட்டி இரண்டை விரித்து, ஈர்க்கால் ஒவ்வொரு தாளாகப் பிரித்து, ஒற்றி ஒற்றி எடுத்தார். இரண்டு நாள். காசு கேட்கவில்லை.

ஜார்ஜ் மன்னர் தலை போட்ட முத்திரைத்தாளைப் பிரிக்கும்போதுதான், "இது யாரு கைநாட்டு?" என்றார். எங்கள் பூட்டியுடையது. பூட்டன் ரங்கூனில் சம்பாதித்து வாங்கிய வீடு என்றே இத்தனை வருசமும் பெருமையடித்தோம். பார்த்தால் கிரையம் அவள் பேரில், அப்புறம் ஒத்திக்கு வைத்தது அவள், மீட்டதும் அவள். 1942-ல் பர்மாவில் குண்டு விழ, பூட்டன் நடந்தே வெறுங்கையோடு வந்து சேர்ந்தபோது படியேற ஒரு வீடு இருந்தது அந்தப் பெருவிரலால்தான். காதில் கிடந்த பாம்படத்தை விற்றாள் என்று அம்மா எப்போதோ சொன்னது இப்போதுதான் விளங்குகிறது.

இடித்துவிட்டு கான்கிரீட் போடலாம் என்று நான்தான் முதலில் பேசினேன், அதை இன்றோடு விட்டாச்சு. தொழுவத்துச் சுவரை எழுப்பிவிட்டு நிலைவாசலில் பூட்டி பேரை வெட்டப் போகிறேன்.

அண்ணாச்சி, அந்த ரெண்டு வேட்டியிலும் பத்திர மை இறங்கி நீலமாகக் கிடந்ததைப் பார்த்தேன். பொங்கலுக்குப் புதுசு எடுத்து வச்சிருக்கேன், வேண்டாம்னு சொல்லாம வாங்கிக்கிடுங்க.