கல்லறைத் திருநாளும் பேய் வேஷமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நெல்லித்தோப்பில் வீட்டுத் திண்ணையில் மிஷின் போட்டுத் தைத்துப் பிழைப்பவள் நான். ஐப்பசி பிறந்தால் தீபாவளிக்கு ரவிக்கை, பாவாடை, சுடிதார் என்று ராத்திரியிலும் மிஷின் ஓடும். சில வருஷமாக அதோடு இன்னொரு வேலையும் வருகிறது. கறுப்புத் துணியைக் கொண்டுவந்து, "அக்கா, 31-ஆம் தேதி ஸ்கூல்ல ஹாலோவீனாம், பேய் அங்கி ஒண்ணு தைச்சுக் கொடுங்க" என்று கேட்கிறார்கள். தைத்துக் கொடுக்கிறேன். பிள்ளைகள் ஆசைப்பட்டு உடுத்துவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் பேத்தியின் பள்ளியிலிருந்து வந்த சுற்றறிக்கையோ வேறு மாதிரி இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் பேயாகவோ எலும்புக்கூடாகவோ வேஷம் கட்டி வர வேண்டும், வராதவர்கள் காரணம் எழுதித் தர வேண்டும் என்றது. அவளை அனுப்ப முடியாது என்று எழுதிக் கொடுத்தேன். "விளையாட்டுதானே அம்மா, இதில் ஏன் மதத்தைக் கொண்டு வருகிறீர்கள்?" என்று கேட்டார்கள்.

மதத்தை நான் கொண்டு வரவில்லை. அக்டோபர் 31 என்பதே சகல புனிதர்கள் திருநாளுக்கு முந்தின இரவு. நவம்பர் 1 அந்தத் திருநாள். 2-ஆம் தேதி இறந்த விசுவாசிகள் எல்லாருக்கும் உரிய நாள், கத்தோலிக்கர்களான எங்கள் பேச்சில் கல்லறைத் திருநாள். பிரான்சில் குளூனி என்ற மடத்தின் அதிபராயிருந்த புனித ஓதிலோ ஆயிரம் வருஷத்துக்கு முன் தம்முடைய மடங்களில் தொடங்கி வைத்தது, பிறகு திருச்சபை முழுக்கப் பரவியது. நவம்பர் மாதம் முழுக்கவே உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கு, அதாவது மோட்சம் சேருமுன் தூய்மையடைந்துகொண்டிருக்கும் இறந்தவர்களுக்கு, வேண்டிக்கொள்ளும் மாதம் எங்களுக்கு.

அந்த நாளில் உப்பளம் கல்லறைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். முந்தின வாரமே குடும்பம் குடும்பமாக வந்து புல் செதுக்கி, கல்லறையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து வைத்திருப்பார்கள். திருநாளன்று சாமந்தியும் சம்மங்கியும் கோழிக்கொண்டையும் பரப்பி, மெழுகுவத்தி ஏற்றி, சாம்பிராணி போடுவார்கள். பூசை முடிந்து சாமியார் தீர்த்தம் தெளித்து ஒவ்வொரு வரிசையாக மந்திரித்துக்கொண்டு வருவார். ஐப்பசி மழை சும்மா விடாது. குடை பிடித்துக்கொண்டு அணைந்த திரியை மறுபடி மறுபடி ஏற்றுவோம். யாரும் வராத கல்லறை பக்கத்தில் இருந்தால் அதற்கும் ஒரு மெழுகுவத்தி வைக்க வேண்டும் என்று என் அம்மா சொல்லிக் கொடுத்தார். அங்கே பிள்ளைகள் பயந்து நான் பார்த்ததில்லை.

என் மகளும் அங்கேதான் இருக்கிறாள். என் பேத்தியின் தாய். சுற்றறிக்கையில் அச்சடித்திருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, "ஆயா, அம்மாவும் இப்ப இப்படித்தான் இருப்பாங்களா?" என்று அவள் கேட்டாள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை. இதற்கு மேல் நான் என்ன காரணம் எழுதித் தருவது?

கிறிஸ்தவர்கள் எல்லாரும் இதில் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். என் நாத்தனார் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர். பேய் வேஷம் பிசாசின் காரியம் என்று அதை அடியோடு ஒதுக்குவார். கல்லறைத் திருநாளுக்கும் வரமாட்டார். இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்வது எங்கள் கத்தோலிக்க வேதாகமத்தில் மக்கபேயர் இரண்டாம் நூல் 12-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது என்று நான் சொன்னால், "அந்த நூலே எங்கள் சபை வேதாகமத்தில் கிடையாது" என்பார். உண்மைதான். அவர் மனசாட்சிப்படி அவர் இருக்கிறார். எதிர்வீட்டு ஐயா மகாளய அமாவாசைக்குக் கடற்கரையில் எள்ளும் தண்ணீரும் விட்டுவந்து, காக்கைக்குச் சோறு வைத்த பிறகுதான் சாப்பிடுவார். நான் ஏன் மறுத்தேன் என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஹாலோவீனை மட்டமாக நினைத்து இதை எழுதவில்லை. அயர்லாந்து மக்கள் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நேரத்தில் தீ மூட்டிக் கொண்டாடியது அது. டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், பிழைக்க அமெரிக்கா போன இடத்தில் பூசணிக்காயில் வைத்தார்கள். அவர்கள் நிலத்துக்கும் குளிருக்கும் அது பொருந்துகிறது. பிரான்சில் இருக்கும் என் தம்பி சொல்வான்: அங்கே நவம்பர் 1 அரசு விடுமுறை, ஊரே சாமந்தித் தொட்டிகளோடு கல்லறைக்குப் போகும், கல்லறைப் பூ என்பதால் சாமந்தியை யார் வீட்டுக்கும் பரிசாகக் கொண்டுபோக மாட்டார்கள் என்று. இங்கே அதே பூவைத் தலையிலும் வைக்கிறோம், சாமிக்கும் சார்த்துகிறோம், கல்லறையிலும் பரப்புகிறோம். எனக்கு நம் வழக்கம்தான் பிடித்திருக்கிறது.

2024-இல் தீபாவளியே அக்டோபர் 31-இல் வந்தது. அந்த வருஷம் என்னிடம் யாரும் பேய் அங்கி கேட்டு வரவில்லை.

பள்ளிகளுக்கு அந்த வாரத்தில் விழா வேண்டுமென்றால் வேறொன்றும் இருக்கிறது. நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாள். 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள், 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள், நவம்பர் முதல் தேதி ஆட்சி பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. விடுமுறை என்பது மட்டும் என் பேத்திக்குத் தெரிகிறது, எதற்கென்று தெரியவில்லை. கீழூருக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டலாமே.

ஹாலோவீன் நடத்துவதானால் நடத்தட்டும். சுற்றறிக்கையில் "விருப்பமுள்ளவர்கள் மட்டும்" என்று எழுதட்டும். வராத பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்திக் காரணம் கேட்க வேண்டாம். சமீபத்தில் சாவு நடந்த வீட்டுப் பிள்ளைகள் யார் யார் என்று வகுப்பு ஆசிரியைக்குத் தெரியும். அந்த வீடுகளுக்கு இந்தச் சுற்றறிக்கையை அனுப்பும் முன் ஒரு போன் செய்து கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரப் பெண்,
நெல்லித்தோப்பு, புதுச்சேரி