அந்த நாலு அங்குலம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. உன் மகள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டாள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். நம் ஊரில் 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டையும் போய்விட்டது. நீயும் நானும் நாற்பது வயதுக்கு மேல் இந்த அமெரிக்கக் காடுகளில்தான் அதைக் கற்றுக்கொண்டோம். அவள் பதினாலு வயதில் முறையாகத் தொடங்குகிறாள். சந்தோஷமாக இருக்கிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஒஹாயோவில் அவள் மான் வேட்டைக்கு ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடும் ஒற்றைத் தோட்டா ரைஃபிள், .350 லெஜெண்ட் என்ற தோட்டா வகை, பேரல் (குழல்) 16 அங்குலமா, 20-ஆ, 22-ஆ என்று கேட்டிருந்தாய். என் பதில் 20. நீ 16 பக்கம் சாய்ந்திருக்கிறாய் என்பது கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. நானும் ஒரு காலத்தில் அங்கேதான் நின்றேன். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நாலு வருஷத்துக்கு முன் நான் ஒரு ஒற்றைத் தோட்டா ரைஃபிள் வாங்கினேன். தோட்டா .308 வகை, பேரல் 22 அங்குலம். நடுவில் கீலில் ஒடித்துத் திறக்கும் வகை, பழையது, தோளில் பதிகிற கட்டை மரம். இங்கே பென்சில்வேனியாவில் அலெகெனி காட்டின் ஹெம்லாக் என்ற ஊசியிலை மரங்களுக்கு நடுவே நுழைந்து போக இன்னும் குட்டையாக இருந்தால் நல்லது என்று தோன்றியது. ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து 16.5 அங்குலத்துக்கு வெட்டச் சொன்னேன். திரும்பி வந்தபோது கையில் ஒரு பொம்மை மாதிரி இருந்தது. மொத்த நீளம் 33 அங்குலத்துக்குள் அடங்கியது. வண்டியின் பின் சீட்டில் குறுக்கே வைத்தால் இரண்டு பக்கமும் இடம் மிச்சம்.

முதலில் அது குறியில் அடிக்கவில்லை. 100 கஜத்தில் மூன்று தோட்டாவும் நாலு அங்குல வட்டத்துக்குள்தான் விழுந்தன. வெட்டுவதற்கு முன் ஒன்றரை அங்குலத்தில் விழுந்த ரைஃபிள் அது. பேரல் குட்டையானால் குறி கெடும் என்று சிலர் சொல்வார்கள், அது சரியில்லை. குட்டைப் பேரல் விறைப்பாக இருப்பதால் அதிர்வு குறைவு. கோளாறு வேறு இடத்தில் இருந்தது. டார்ச்சை அடித்துப் பேரலின் வாயைப் பார்த்தேன். சுட்டபின் வாயைச் சுற்றிக் கரி ஒரு நட்சத்திரம் மாதிரி படியும், தோட்டாவைச் சுழற்றப் பேரலுக்குள் வெட்டியிருக்கும் ஒவ்வொரு வரிப்பள்ளத்துக்கும் ஓர் இதழ். என் ரைஃபிளில் ஒரு பக்கத்து இதழ்கள் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் இருந்தன. தோட்டா பேரலை விட்டு வெளியே வரும் கணத்தில் வாயு ஒரு பக்கம் முந்திக் கசிந்து அதைத் தள்ளிவிடுகிறது என்று அர்த்தம். வெட்டியவர் வாயைச் சதுரமாகச் சீவவில்லை. வேறொருவரிடம் கொடுத்து லேத்தில் வாயை மட்டும் திரும்ப வெட்டியதும் பழையபடி ஒன்றரை அங்குலத்துக்கு வந்தது. பழைய ரைஃபிள் வாங்குவதாக இருந்தால் முதலில் இந்த வாயைத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் வேகம். பேரல் நீளம் என்றாலே எல்லோரும் இதைப் பற்றித்தான் பேசுவார்கள். .308-இல் 150 கிரெய்ன் எடையுள்ள தோட்டாவுக்குப் பெட்டியில் வினாடிக்கு 2,820 அடி என்று போட்டிருப்பார்கள். அது 24 அங்குலச் சோதனைப் பேரலில் எடுத்த கணக்கு. என் வெட்டுப் பேரலில் வேகமானி வைத்துப் பார்த்தேன், 2,620 வந்தது. அங்குலத்துக்கு இருபத்தைந்து அடி சுமாராகக் குறைகிறது. இதை எனக்குப் புரிகிற மாதிரி இப்படி வைத்துக்கொண்டேன்: நீளப் பேரலிலிருந்து கிளம்பிய தோட்டா 100 கஜம் ஓடிய பிறகு எந்த வேகத்தில் இருக்குமோ, ஏறக்குறைய அந்த வேகத்தில் என் தோட்டா வாயை விட்டே கிளம்புகிறது. அதாவது மான் எனக்கு 100 கஜம் தள்ளிப் போய்விட்டது. சாதாரண வேட்டைத் தோட்டா மானின் உடலுக்குள் நன்றாக விரிய வினாடிக்குச் சுமார் 1,800 அடி வேகமாவது வேண்டும். அதற்குக் கீழே போனால் தோட்டா விரியாமல் ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு போகும், மான் வலியோடு வெகுதூரம் ஓடும். வேகத்தில் நான் கணக்குப் பார்ப்பது இந்த ஒன்றைத்தான்.

ஆனால் நான் சுடுவது 60, 80 கஜத்தில். அங்கே இந்த 200 அடி நஷ்டம் மானுக்குத் தெரியவே தெரியாது. எனக்கு நஷ்டம் வந்தது காதில்.

அந்த வருஷம் நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு அடுத்த சனிக்கிழமை, எங்கள் மான் வேட்டை சீசன் தொடங்கிய நாள். ஆரஞ்சு மேலங்கியோடு ஒரு ஹெம்லாக் அடியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். பனி இல்லை, இலையெல்லாம் ஈரம், சத்தமே இல்லாத காலை. காலடிச் சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காகக் காதடைப்பானை எடுத்துப் பையில் வைத்திருந்தேன். பெண்மான் ஒன்று 60 கஜத்தில் பாறையைச் சுற்றி வந்து நின்றது. சுட்டேன். மான் அங்கேயே விழுந்தது. அந்தக் கணத்தில் எனக்கு அது தெரியவில்லை. முகத்துக்கு முன்னால் ஒரு வெளிச்சம், பிறகு இடது காதில் ஒரு நீளமான ரீங்காரம். நான் வலது தோளில் வைத்துச் சுடுகிறவன். கன்னம் கட்டையில் சாயும்போது வலது காது மறைந்துகொள்ளும், இடது காது பேரலின் வாயை நோக்கித் திரும்பிவிடும். வெட்டியதில் அந்த வாய் ஐந்தரை அங்குலம் காதுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. போதாததற்கு .308-இன் வெடிமருந்து முழுக்க எரிந்து அடங்குமுன் தோட்டா வெளியே போய்விடுவதால் மிச்ச அழுத்தமெல்லாம் வாயில் வந்து வெடிக்கிறது. 140 டெசிபலுக்கு மேல் ஒரே ஒரு சத்தம் போதும், காது நிரந்தரமாகக் கெட. ரைஃபிள் சத்தம் 160-ஐத் தொடும், அதைத் தாண்டவும் செய்யும். அந்த ரீங்காரம் இன்றைக்கும் இருக்கிறது. ராத்திரி வீடு அடங்கியபின் நன்றாகக் கேட்கும்.

உன் மகளின் காதைப் பற்றித்தான் எனக்குக் கவலை, மாப்ளே. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். அவளுக்கு முதல் நாளிலிருந்தே மின்னணுக் காதுக்கவசம் வாங்கிக் கொடு. மெல்லிய சத்தத்தைப் பெருக்கிக் காட்டும், வெடிச்சத்தத்தை அடக்கிவிடும். மானின் காலடி வெறுங்காதைவிட நன்றாகவே கேட்கும்.

இனி நீ தேர்ந்தெடுத்த .350 லெஜெண்ட். நல்ல தேர்வு. ஒஹாயோவில் முன்பு மானுக்கு ஷாட்கன்தான், நீள ரைஃபிளுக்கு இடமில்லை. 2014-இல் நேர்ச்சுவர்த் தோட்டாக்களை, அதாவது உறை கழுத்தில் குறுகாமல் நேராக இருக்கிறவற்றை, அனுமதித்தபிறகுதான் இந்த வகை ரைஃபிள்கள் அங்கே பரவின. .350 லெஜெண்டை வின்செஸ்டர் 2019-இல் கொண்டுவந்தது. சுடும்போது தோளில் விழும் உதை மென்மை, பதினாலு வயசுத் தோளுக்கு ஏற்றது. மருந்து கொஞ்சம், சீக்கிரம் எரிந்துவிடும். அதனால் பேரலைக் குறைத்தால் .308 அளவுக்கு வேகம் போகாது. 16 அங்குலமே போதும் என்று நீ படித்தது வேகத்தைப் பொறுத்தவரை சரிதான். அதை நான் மறுக்கவில்லை.

நான் 20 என்று சொல்வதற்குக் காரணம் வேறு. ஒடித்துத் திறக்கும் ஒற்றைத் தோட்டா ரைஃபிளில் போல்ட் (தோட்டாவை ஏற்ற முன்னும் பின்னும் ஓடும் தண்டு) ஓடுவதற்கான இடமே கிடையாது. போல்ட் ரைஃபிளில் 22 அங்குலப் பேரல் என்றால் மொத்தம் 42 அங்குலம் பக்கம் வரும். ஒடித்துத் திறக்கும் ரைஃபிளில் அதே பேரலுக்கு 38-தான். நீ தேடுகிற அந்த நாலு அங்குலக் குறைவு பேரலைத் தொடாமலேயே கையில் வந்துவிட்டது. 20 அங்குலப் பேரல் போட்டால் மொத்தம் 36. இத்தனை நாள் நீ மரத்து மேடையில் தூக்கிக்கொண்டு ஏறிய ஸ்லக் ஷாட்கன் (ஒரே பெரிய குண்டு போடுவது) 44 அங்குலமாவது இருக்கும். எட்டு அங்குலம் குறைந்தபிறகு இன்னும் எதற்குக் குறைக்க வேண்டும்?

எடை விஷயமும் இருக்கிறது. என் ரைஃபிளை வெட்டுவதற்கு முன் மடக்குக் கீலுக்கு ஓர் அங்குலம் முன்னால் ஒரு விரலில் தாங்கினால் தராசு மாதிரி நிற்கும். வெட்டியபின் அந்த இடம் பின்னால், விசைக்காப்புப் பக்கம் நகர்ந்துவிட்டது. குறி பார்க்கும் ஸ்கோப் வேறு பின்னால் உட்கார்ந்திருக்கிறது. நின்றபடி குறி பார்த்தால் முன்பக்கம் காற்றில் அலைகிறது, மூச்சை இழுத்தால்கூட மேலே போகிறது. முன்னால் கொஞ்சம் கனம் இருந்தால்தான் கை அடங்கும். புதிதாகப் பழகுகிற பிள்ளைக்கு இது இன்னும் முக்கியம். முதல் மான் எதிரே நிற்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும், அந்த நேரத்தில் ரைஃபிள் அவளுக்குத் துணையாக இருக்க வேண்டும்.

பேரலை மாற்றி மாட்டக்கூடிய பழைய காண்டெண்டர் கைத்துப்பாக்கிக்குக் கட்டை மாட்டி ரைஃபிள் ஆக்கிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். அதில் ஜாக்கிரதை. பதிவு செய்யாத ரைஃபிளின் பேரல் அமெரிக்காவின் 1934 துப்பாக்கிச் சட்டப்படி 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று இருந்தது. 1960-இல் அதை 16 ஆக்கினார்கள். மொத்த நீளமும் 26-க்குக் குறையக் கூடாது. காண்டெண்டரோடு கட்டையும் 21 அங்குலப் பேரலும் சேர்த்துப் பெட்டியாக விற்றதை வைத்தே ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1992-இல் அதைச் செய்த தாம்ஸன் சென்டர் கம்பெனி பக்கம் தீர்ப்பு வந்தது, அந்தப் பெட்டி குட்டைப் பேரல் ரைஃபிள் கணக்கில் வராது, அதற்கான வரியும் கிடையாது என்று. ஆனால் கட்டையும் 10 அங்குலக் கைத்துப்பாக்கிப் பேரலும் ஒரே நேரத்தில் அதில் மாட்டியிருந்தால், முன்கூட்டியே பதிவு செய்யாதவரை, குற்றம்தான். கட்டை இருக்கும்போது நீளப் பேரல் மட்டுமே. வீட்டில் பிள்ளைகள் கழற்றி மாட்டிப் பார்ப்பார்கள், அதனால் நான் இதில் இறங்கவே மாட்டேன்.

பழைய ரைஃபிள் எதையாவது பார்த்தால் பேரலை நீயே அளந்துவிடு. முதலில் திறந்து தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார். மூடு. வாய் வழியாகத் துடைக்கும் கம்பியை உள்ளே முட்டும்வரை விடு. வாய் விளிம்பில் ஒரு டேப் ஒட்டி, வெளியே எடுத்து அள. சட்டம் அளப்பதும் இப்படித்தான், பேரலின் பின்முனையை அடைக்கும் மூடிய முகப்பிலிருந்து வாய் வரை. தோட்டா அறையும் அதில் சேர்த்தி. 16-க்கு நூலிழை மேலே இருக்கிற ரைஃபிளை வாங்காதே. நாளைக்கு வாயைத் திரும்பச் சீவ வேண்டி வந்தால் சீவ இடமிருக்காது.

மகளுக்குக் குட்டையாக வேண்டும் என்கிறாயே, அதற்குக் குறைக்க வேண்டியது கட்டையை. விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை பெரியவர்களுக்குப் பதின்மூன்றரை அங்குலம் இருக்கும். அவளுக்குப் பன்னிரண்டு, பன்னிரண்டரை போதும். அது நீளமாக இருந்தால் தலையை முன்னால் நீட்டி ஸ்கோப்பைத் தேடுவாள், தோளில் சரியாகப் பதியாது, உதையும் பலமாகத் தெரியும். கட்டை அளவாக இருந்தால் 20 அங்குலப் பேரல் அவளுக்குப் பாரமே இல்லை. வளர்ந்தபின் நீளக் கட்டையை மாட்டிக்கொள்ளலாம். வெட்டிய பேரலை யாரும் நீட்ட முடியாது.

அந்த .308-ஐ நான் விற்கவில்லை. கழுத்தில் காதுக்கவசம் தொங்கினால்தான் அதை வெளியே எடுப்பது என்று வைத்திருக்கிறேன்.

என்னிடம் ஒரு பழைய வால்நட் கட்டை சும்மா கிடக்கிறது, எந்தக் கம்பெனி ரைஃபிள் எடுக்கிறாய் என்று தெரிந்தால் பொருந்துமா பார்க்கிறேன். இப்போதைக்கு ஒன்று செய். அவள் முழங்கையை மடக்கி, மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் கணு வரை அளந்து எழுது. குளிர்கால ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அளக்கச் சொல், நவம்பரில் அதோடுதான் உட்காரப் போகிறாள்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்,
பிட்ஸ்பர்க்