விலைய மட்டும் பாத்து ஸ்கூலுக்கு கம்ப்யூட்டர் வாங்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜூன்ல ஸ்கூல் திறக்குறதுக்குள்ள கம்ப்யூட்டர், ஸ்மார்ட் போர்டு, யுபிஎஸ் எல்லாம் வாங்கிடணும்னு எங்க பக்கம் உதவி பெறும் பள்ளிகள், சின்ன மெட்ரிக் பள்ளிகள் எல்லாத்துலயும் இப்ப கொட்டேஷன் வாங்கிட்டு இருக்காங்க, முன்னாள் மாணவர்களும் பணம் சேத்து குடுக்குறாங்க. மனசுக்கு சந்தோஷமா இருக்கு. ஆனா யார்கிட்ட வாங்குறதுன்னு முடிவு பண்ற எடத்துல தான் கோட்டை விட்டுடுறாங்க, அதுக்கு தான் இந்த லெட்டர்.

மூணு கொட்டேஷன் வேணும்னு சொன்னா டீலரே மத்த ரெண்டையும் ஏற்பாடு பண்ணி கொண்டு வந்துடுறார். மூணு லெட்டர்பேடு, ஆனா அயிட்டம் வரிசை ஒண்ணு, எழுத்துப் பிழை கூட ஒண்ணு. அத பாத்தும் கையெழுத்து போடுறது பிள்ளைங்களுக்கு பண்ற அநியாயம், இதுல எனக்கு ரெண்டு கருத்தே இல்ல. மத்த ரெண்டு கொட்டேஷன கமிட்டியில ஒருத்தர் நேரா கடைக்கு போயி வாங்கிட்டு வரணும்.

அடுத்தது வாரண்டி. மூணு வருஷம்னு பெருசா போட்டிருப்பாங்க, எந்த தேதியில இருந்துன்னு யாரும் கேக்குறதில்ல. பில் தேதியில இருந்துன்னா, வயரிங் முடியாம பொட்டி பிரிக்காமலே கெடக்குற மாசமெல்லாம் வீணா போச்சு, அதனால மாட்டி ஓட்டிக் காட்டுன தேதியில இருந்துன்னு எழுதி வாங்கணும். ஆன்சைட்டா, அதாவது ஆள் ஸ்கூலுக்கே வந்து சரி பண்ணுவாரா, இல்ல நாமளே சர்வீஸ் சென்டருக்கு தூக்கிட்டு போகணுமா? 65 இன்ச் ஸ்மார்ட் போர்ட எந்த பஸ்ல ஏத்துறது? வாரண்டி தர்றது கம்பெனியா டீலரான்னும் பாக்கணும், டீலர் கடைய மூடிட்டா அவர் குடுத்த பேப்பருக்கு மதிப்பு கெடையாது. யுபிஎஸ் பேட்டரி, புரொஜெக்டர் லாம்ப் ரெண்டுக்கும் பெரும்பாலும் தனி வாரண்டி தான், காலமும் கம்மியா இருக்கும், கரண்ட் அடிக்கடி போற ஊர்ல மொதல்ல சாகுறதே பேட்டரி தான். பேட்டரி மாத்த காசில்லாம லேப பூட்டியே வச்சிருக்குற ஸ்கூல் எங்க பக்கமே இருக்கு, உள்ள கம்ப்யூட்டர் எல்லாம் நல்லா தான் இருக்கு.

பக்கத்துல கேரளாவ பாருங்க. 2018ல ஆரம்பிச்ச ஹைடெக் ஸ்கூல் திட்டத்துல 45,000 கிளாஸ்ரூமுக்கு லேப்டாப்பும் புரொஜெக்டரும் வாங்குனாங்க, அஞ்சு வருஷ வாரண்டி, புகார் சொல்ல கால் சென்டர், சொன்ன நாளுக்குள்ள சரி பண்ணலன்னா சப்ளையருக்கு ஒரு நாளைக்கு 100 ரூபா அபராதம். தொகை சின்னது தான், ஆனா நூத்துக்கணக்கான மெஷின் நின்னா என்ன ஆகும்னு சப்ளையருக்கு தெரியும், ஆள் ஓடி வந்துடுவான். ஒரு ஸ்கூல் பத்து கம்ப்யூட்டர் வாங்கும்போது கூட இந்த ஒரு வரிய ஆர்டர்ல சேக்கலாம், அதோட மொத்த பணத்தையும் ஒரே தடவையா குடுக்காம பத்து சதவீதம் புடிச்சு வச்சு ஒரு வருஷம் கழிச்சு குடுக்கலாம்.

"சட்டப்படி கம்மி விலை சொல்றவருக்கு தான் ஆர்டர் குடுக்கணும், நாங்க என்ன பண்றது"ன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. அரசு கொள்முதலுக்கான தமிழ்நாட்டோட 1998 டெண்டர் வெளிப்படைத்தன்மை சட்டம் அப்படி மொட்டையா சொல்லல, டெண்டர் ஆவணத்துல எழுதி வச்ச, அளந்து பாக்கக்கூடிய விஷயங்கள வச்சு ஒப்பிட்டு வர்ற கம்மி விலைய தான் எடுக்க சொல்லுது. ஆக சர்வீஸ், வாரண்டி காலம், அஞ்சு வருஷத்துக்கு ஆகுற மொத்த செலவு எல்லாத்தையும் மொதல்லயே எழுதி வச்சா அதையும் கணக்குல எடுக்கலாம். எழுதாம விட்டுட்டு சட்டத்த குறை சொல்றது சரியில்லங்க.

இன்னொண்ணு, இப்ப செகண்ட்ஹேண்ட் கம்ப்யூட்டர ரீஃபர்பிஷ்டுன்னு சொல்லி ஸ்கூலுக்கு நெறைய தள்ளுறாங்க. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் இலவச சப்போர்ட்ட (பாதுகாப்பு அப்டேட் எல்லாம்) 2025 அக்டோபர் 14ஓட நிறுத்திடுச்சு, விண்டோஸ் 11க்கு இன்டெல் புராசஸர்ல பொதுவா எட்டாவது ஜெனரேஷன் இல்ல அதுக்கு மேல வேணும். ஆறாவது ஜெனரேஷன் மெஷின விண்டோஸ் போட்டு ஓட்டலாம்னு நம்பி வாங்காதீங்க. விண்டோஸுக்கு பதிலா இலவசமா கெடைக்குற லினக்ஸ் போட்டு ஓட்டுவோம்னா தாராளமா வாங்கலாம், கேரள ஸ்கூல்ல வருஷக்கணக்கா அப்படி தான் ஓடுது, நம்ம அரசு குடுத்த இலவச லேப்டாப்லயும் பாஸ் லினக்ஸ் இருந்துச்சே.

ஸ்மார்ட் போர்டோட சேத்து பாட வீடியோவுக்கு வருஷ சந்தா கேட்டா, ஸ்டேட் போர்டு ஸ்கூல்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. பள்ளிக் கல்வித் துறையோட மணற்கேணி ஆப் இருக்கு, புத்தகத்துல கியூஆர் கோடு இருக்கு, எல்லாமே இலவசம்.

பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு வேண்டுகோள்: பள்ளி மேலாண்மைக் குழுவுல இருக்குற அம்மாமார் நெறைய பேருக்கு இந்த கொட்டேஷன்ல என்ன பாக்கணும்னு சொல்லித் தர ஆளில்ல, சப்ளையர்கிட்ட கேக்க வேண்டியத எல்லாம் தமிழ்ல ஒரே பக்கத்துல அடிச்சு குழு கூட்டத்துல குடுங்க. நன்கொடை குடுக்குற முன்னாள் மாணவர்களும் மொத்த பணத்தையும் மெஷின்லயே போட்டுடாம, மூணாவது வருஷம் பேட்டரி மாத்துறதுக்கும் ஏஎம்சிக்கும் (வருஷ பராமரிப்பு ஒப்பந்தம்) ஒரு தொகைய ஸ்கூல் பேர்ல பேங்க்ல போட்டு வைங்க.

இப்படிக்கு,
பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினர்,
ஆரணி.