சாமந்திக்கு ஒரு ராத்திரி வேண்டும்

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். போனில் பேசினால் சாப்பிட்டியா, குளிர் எப்படி, ஸ்வெட்டர் போட்டியா என்பதிலேயே நேரம் போய்விடுகிறது. அதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால் காகிதத்தில் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். கையெழுத்து புரியாத இடத்தில் அம்மாவைக் கேள். என் மளிகை லிஸ்டைப் படித்துப் பழகியவள் அவள்தான்.

"அப்பா, ராத்திரி பதினோரு மணிக்கு எங்க ஊர் மேகம் ஏன் ரோஸ் கலர்ல இருக்கு? கண்டுபிடிங்க" என்று போன மாதம் ஒரு படம் அனுப்பியிருந்தாய். எங்கோ தீப்பிடித்துவிட்டது என்றுதான் முதலில் பயந்தேன். அப்புறம் மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நெதர்லாந்தில் நீ இருக்கும் டெல்ஃப்டுக்கு மேற்கே வெள்ளை வெள்ளையாக மின்னுவது முழுக்கக் கண்ணாடிக் கூடாரம். வெஸ்ட்லாண்ட் என்ற பகுதி. உள்ளே தக்காளி, குடைமிளகாய், பூ. இலையில் உள்ள பச்சையம் சிவப்பையும் நீலத்தையும்தான் அதிகம் வாங்கிக்கொள்ளும். அதனால் அந்த இரண்டு நிறத்தில் எல்.ஈ.டி மாட்டுகிறார்கள். இரண்டும் கலந்தால் ரோஸ். கூரை இடுக்கில் கசிந்தது மேகத்தின் அடிவயிற்றில் படுகிறது. சரியா? முப்பத்தோரு வருஷம் தெருவிளக்கு மாட்டியவனிடம் வெளிச்சத்தைப் பற்றிக் கேட்டால் விடுவேனா?

உன் படம் வந்த நேரத்தில் இங்கே மொட்டைமாடியில் நானும் வெளிச்சத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாய் என்று நினைத்தேன். தினமும் சாயங்காலம் ஒரு சாமந்திச் செடிக்குச் சாக்குப் போர்த்தித் தூங்கவைத்துக்கொண்டிருந்தேன்.

கதை போன வருஷம் ஆரம்பித்தது. நிலக்கோட்டைப் பக்கம் போனபோது மூன்று சாமந்தி நாற்று வாங்கி வந்தேன். ஒன்று தண்ணீர் டேங்குக்குப் பின்னால், இரண்டு தெருப்பக்கக் கைப்பிடிச் சுவர் ஓரம். ஒரே மண், ஒரே தொழுவுரம், ஒரே தண்ணீர். டேங்குக்குப் பின்னால் இருந்தது ஐப்பசியில் மொட்டு விட்டு, கார்த்திகையில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. சுவரோரம் இருந்த இரண்டும் இடுப்பளவு வளர்ந்தன. இலை, கிளை, மறுபடி இலை. மொட்டு மட்டும் இல்லை. வெயில் பத்தவில்லை என்றாள் அம்மா. வெயில் குறைவான இடமே டேங்குக்குப் பின்னால்தான்! எதிர்வீட்டம்மா கடலைப்புண்ணாக்குக் கரைத்து ஊற்றச் சொன்னார். ஊற்றினேன், இலை இன்னும் கரும்பச்சை ஆனது. அவ்வளவுதான் பலன்.

காரணம் கைக்கெட்டும் தூரத்தில் கம்பத்தில் நின்றிருக்கிறது. அதை மாட்டினதும் நான்தான், ஓய்வு பெறுவதற்கு நாலு மாதம் முன்பு. பழைய சோடியம் விளக்கைக் கழற்றிவிட்டு, வெள்ளை எல்.ஈ.டி. மாடிச் சுவருக்கு நேராக.

சந்தேகம் வந்தது ஒரு பழைய ஞாபகத்தால். நீ பெங்களூரில் வேலை பார்த்தபோது உன்னைப் பார்க்க ராத்திரி பஸ்ஸில் வருவோமே, கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் பக்கம் சில தோட்டங்களில் வரிசை வரிசையாக பல்பு தொங்கும். நான் கல்யாண வீடு என்றேன், அம்மா திருட்டுப் பயம் என்றாள். இரண்டும் இல்லை. அவை சாமந்தித் தோட்டங்கள். செடி அவசரப்பட்டுப் பூத்துவிடாமல், தண்டு வளரும்வரை அதை ஏமாற்றி வைக்கத்தான் அந்த பல்புகள். அவர்கள் காசு செலவழித்துச் செய்ததை நான் மாநகராட்சிச் செலவில் என் செடிக்கே செய்திருக்கிறேன்.

அப்புறம் மாவட்ட நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். இதில் முதல் துப்பு கிடைத்ததே ஒரு புகையிலைச் செடியில் என்று தெரிந்தபோது, திண்டுக்கல்காரனுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும், சொல்! அமெரிக்காவில் வாஷிங்டனுக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பண்ணை. அங்கே ஒரு வகைப் புகையிலை கோடை முழுக்க ஆளுயரம் தாண்டி வளரும், பூக்காது. குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடாரத்துக்குள் வைத்தால் சின்னச் செடியாக இருக்கும்போதே பூத்துவிடும். கார்னர், அல்லார்ட் என்று இரண்டு பேர் சூடு, உரம், ஈரம் என எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டு, 1918இல் ஓர் இருட்டுக் கொட்டகை கட்டினார்கள். சாயங்காலம் நாலு மணிக்குச் செடியை உள்ளே வைப்பது, காலை ஒன்பது மணிக்கு வெளியே எடுப்பது. நடுக் கோடையிலேயே பூத்தது. பகல் குறைந்தால் பூக்கிறது என்று 1920இல் எழுதினார்கள்.

அதிலும் ஒரு திருத்தம் உண்டு. செடி அளப்பது பகலை இல்லை, ராத்திரியை. மருளூமத்தை தெரியுமா? குளத்துக்குப் போய்விட்டு வந்தால் உன் பாவாடை ஓரம் முழுக்க முள்ளுக் காயாக ஒட்டியிருக்குமே, அதேதான். 1938இல் ஹாம்னர், பானர் என்ற இரண்டு பேர் அந்தச் செடியை வைத்துப் பார்த்தார்கள். பகல் நடுவில் கொஞ்ச நேரம் இருட்டாக்கினால் அது கண்டுகொள்ளவில்லை. நீண்ட ராத்திரியின் நடுவில் ஒரு நிமிஷம் விளக்கைப் போட்டு அணைத்தாலோ பூக்கவே இல்லை. ஒரே நிமிஷம்!

எப்படி என்பதை எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். படிக்கட்டு விளக்குக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று டூ-வே சுவிட்ச் போடுவோமே, செடிக்குள் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி அப்படி ஒரு சுவிட்ச். சிவப்பு வெளிச்சம் பட்டால் ஒரு பக்கம் சாயும். சிவப்புக்கும் அப்பால், நம் கண் விளிம்பில் நிற்கிற ஆழ்சிவப்பு பட்டால் மறுபக்கம் சாயும். இருட்டில் விட்டால் தானாகவே அந்த மறுபக்கத்துக்கு மெல்ல இறங்கும். கூடவே உள்ளே ஒரு கடிகாரமும் ஓடுகிறது. 1729இல் பிரான்சில் டி மைரான் என்பவர் தொட்டாற்சிணுங்கியை அலமாரி இருட்டுக்குள் வைத்துப் பார்த்தார். வெயிலே படாதபோதும் நேரம் தவறாமல் இலையை மூடித் திறந்தது. அவர் செடிக்காரர் கூட இல்லை, வானியல்காரர். அது எனக்குப் பிடித்திருந்தது.

சரி, சாக்குக் கதைக்கு வருகிறேன். சுவரோரம் இருந்த இரண்டு தொட்டியில் ஒன்றை அப்படியே விட்டேன். இன்னொன்றுக்குப் புரட்டாசி முதல் தேதியிலிருந்து விளக்கு எரிவதற்கு முன்பே கறுப்புத் துணி, அதன் மேல் சாக்கு. விடிந்ததும் எடுத்துவிடுவேன். "அப்படியே ஒரு தாலாட்டும் பாடிருங்க" என்றாள் அம்மா. நடுவில் தேனிக்கு ஒரு கல்யாணம், இரண்டு ராத்திரி போர்த்த ஆள் இல்லை. எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். ஆனால் முப்பத்தேழாம் நாள் கிளை நுனியில் மிளகு மாதிரி ஒன்று தெரிந்தது. கண்ணாடி போட்டுப் பார்த்தேன், மொட்டு. பக்கத்துத் தொட்டிக்காரி இன்றைக்கும் இலையோடுதான் நிற்கிறாள்.

எனக்குச் சந்தோஷத்தைவிடச் சங்கடம்தான் அதிகம். 1992இல் வேலைக்குச் சேர்ந்தபோது இருட்டுத் தெருவில் நாற்பது வாட் டியூப்லைட் மாட்டிவிட்டு இறங்கினால், பெண்கள் வாசலுக்கு வந்து காபி கொடுப்பார்கள். பாம்பு பயம் போனது, ஸ்பெஷல் கிளாஸ் விட்டு வரும் பெண் பிள்ளைகளுக்குத் தைரியம் வந்தது. அதை நான் இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் தெருவுக்கு வேண்டிய வெளிச்சம் வானத்துக்கும் மொட்டைமாடிக்கும் எதற்குப் போகிறது என்று அந்த முப்பத்தோரு வருஷத்தில் ஒருநாளும் யோசித்ததில்லை. ஈசலும் வண்டும் விளக்கைச் சுற்றிச் சுற்றிச் செத்து, காலையில் கம்பத்தடியில் கிடக்கும். கூட்டித் தள்ளிவிட்டு அடுத்த கம்பத்துக்குப் போவோம். சென்னைக் கடற்கரையில் முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக் குஞ்சுகள் வெளிச்சமான பக்கம்தான் கடல் என்று நம்பி ரோட்டுப் பக்கம் நகர்ந்துவிடும். அதற்காக அந்தப் பருவத்தில் விளக்கை அணைக்கச் சொல்லிக் கேட்பார்கள் என்று பேப்பரில் படித்தபோது, 'இதுக்கெல்லாமா' என்றவன் நான். வெள்ளை எல்.ஈ.டியில் நீலம் அதிகம். பகலில் வானம் நீலமாக இருப்பது எதனாலோ, அதே காரணத்தால் அந்த நீலம் காற்றில் அதிகம் சிதறி ஊர் முழுக்கப் பரவுகிறது.

நட்சத்திரம் போனதும் இப்படித்தான். எங்கள் ஆத்தா கார்த்திகை மீனைக் காட்டி "ஆறையும் எண்ணுடா" என்பாள். இந்த மாடியிலிருந்து பார்த்தால் ஈரப் பஞ்சு மாதிரி ஒரு கலங்கல், நன்றாக உற்றுப் பார்த்தால் மூன்று. வயசாகிவிட்டது, கண்தான் சரியில்லை என்று விட்டுவிட்டேன். 2018இல் கஜா புயல் அடித்த பிறகு எங்களைப் பட்டுக்கோட்டைப் பக்கம் வேலைக்கு அனுப்பினார்களே, ஞாபகம் இருக்கிறதா? மூன்று வாரம் ஆகியும் பல கிராமங்களில் கரண்ட் வரவில்லை. அமாவாசைக்கு முந்தின ராத்திரி, விழுந்த தென்னைமரத்தின் மேல் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே தலையைத் தூக்கினேன். ஏழு எண்ணினேன். கண்ணில் கோளாறு இல்லை. சுற்றிலும் வீடிழந்த ஜனங்கள் இருக்கும்போது வானம் அழகாக இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்தும் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ராத்திரி உன்னை நினைத்தேன். உனக்கு அப்போது ஏழு வயசு இருக்கும், கரண்ட் போய் மாடியில் படுத்திருந்தோம். "சூரியன் போனதால இருட்டு, சரி. மத்த நட்சத்திரமும் சூரியன்தானே? அத்தனை சூரியன் இருந்தும் ஏன் இருட்டா இருக்கு?" என்று கேட்டாய். தூரத்தில் இருக்கிறது, தூங்கு என்றேன். நீ தூங்கிவிட்டாய். என் பதில் தப்பு.

விளக்குக்காரன் கணக்கிலேயே தப்பு. விளக்கு இரண்டு மடங்கு தூரம் போனால் வெளிச்சம் பாதி ஆகாது, கால் ஆகும். அதுவரை சரி. ஆனால் வானம் ஒரே தெரு இல்லையே. வெங்காயத்தின் நடுவில் நாம் இருப்பதாக வைத்துக்கொள். இரண்டு மடங்கு தூரத்து அடுக்கின் பரப்பு நாலு மடங்கு, அதனால் அதில் நட்சத்திரமும் நாலு மடங்கு. நாலு மடங்கு நட்சத்திரம், ஒவ்வொன்றும் கால் வெளிச்சம். மொத்தத்தில் முதல் அடுக்கு தரும் அதே வெளிச்சம். அடுத்த அடுக்கும் அதே. அடுக்குக்கு முடிவே இல்லை என்றால், எந்தத் திசையில் பார்த்தாலும் பார்வை ஒரு நட்சத்திரத்தில் போய் முட்டவேண்டும். ராத்திரி வானம் முழுக்கச் சூரியனாக எரியவேண்டும். ஓல்பர்ஸ் என்ற ஜெர்மன் வைத்தியர், ராத்திரியில் வானம் பார்ப்பவர், 1823இல் இதை எழுதி வைத்தார். அதற்கு இருநூறு வருஷம் முன்பே கெப்ளரும் இதே கேள்வியில் மாட்டியிருக்கிறார். என் மகள் ஏழு வயசில் கேட்டிருக்கிறாள், நான் தூங்கச் சொல்லியிருக்கிறேன்.

விடை என்ன தெரியுமா? அந்த விளக்குகளை ஏற்றி ரொம்ப நாள் ஆகவில்லை. பிரபஞ்சத்துக்கு வயசு சுமார் 1,380 கோடி வருஷம். ஒளி எவ்வளவு வேகமாக ஓடினாலும், ஓடுவதற்கு அவ்வளவு காலம்தான் கிடைத்திருக்கிறது. ரொம்ப தூரத்திலிருந்து கிளம்பியது இன்னும் வழியில் இருக்கிறது. முதன்முதலில் எல்லாம் தகதகவென்று எரிந்த காலத்து ஒளி மட்டும் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்துகொண்டே இருக்கிறது. ஆனால் பிரபஞ்சம் விரிந்ததில் அதுவும் இழுபட்டு, கண்ணுக்குத் தெரியாத மைக்ரோவேவ் ஆகிவிட்டது. அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் அதை 1964இல் ஆன்டெனாவில் இரைச்சலாகக் கேட்டுவிட்டு, புறா எச்சம்தான் காரணம் என்று உட்கார்ந்து கழுவியிருக்கிறார்கள். கம்பத்தில் ஏறிப் புறாவோடு சண்டை போட்டவன் என்ற முறையில் அவர்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. கழுவியும் இரைச்சல் போகவில்லை. பிற்பாடு அதற்கே நோபல் பரிசு கிடைத்தது.

பிரபஞ்சத்துக்கு ஓர் ஆரம்பம் இருந்ததால் வந்த இருட்டு அது. அதைத்தான் நம் சாமந்தி தினமும் மணிக்கணக்கில் அளந்துகொண்டிருக்கிறது. நான் அதற்கு நேரே ஒரு விளக்கை மாட்டிவிட்டு, புண்ணாக்குக் கரைத்து ஊற்றினேன்.

எனக்குப் பின்னால் வேலைக்கு வந்த பையன் ஒருவன் இன்னும் அந்தப் பிரிவில் இருக்கிறான். அவனைக் கூப்பிட்டு, எண்ணெய் டின் தகரத்தை வெட்டிக் கொடுத்து, நம் வீட்டுப் பக்கம் மட்டும் விளக்குக்கு மறைப்புக் கட்டச் சொன்னேன். நானே ஏறியிருப்பேன், அம்மா ஏணியைப் பிடிக்க மாட்டேன் என்றுவிட்டாள். தெருவில் வெளிச்சம் குறையவில்லை, மாடி இருட்டாகிவிட்டது. சாக்குக்கு வேலை இல்லை. நேற்று கார்த்திகை மீனில் ஐந்து எண்ணினேன். அந்த மீன் கூட்டம் உன் ஊர் வானத்திலும் தெரியும். துருவ மீன் எனக்கு வடக்கே பத்து டிகிரி உயரத்தில் வீட்டுக் கூரைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது, உனக்கு ஐம்பத்திரண்டு டிகிரியில் நிற்கும். அந்த ரோஸ் மேகம் விலகும் நாளில் நீ எத்தனை எண்ணுகிறாய் என்று எழுது.

பூவை அம்மா பறித்துச் சாமி படத்துக்கு வைத்துவிட்டாள். பக்கக் கிளை மொட்டுகள் நீ பொங்கலுக்கு வருவதற்குள் விரிந்துவிடும்.

இப்போது வீட்டில் ஒரு புதுப் பிரச்சினை. இருட்டில் மாடிப்படி ஏற டார்ச் வேண்டும். வானம் பார்ப்பவர்கள் இருட்டுக்குப் பழகிய கண் கெடாமல் இருக்க டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொள்வார்களாம். ஒட்டினேன். ஆனால் சாமந்தியின் தூக்கத்தைக் கெடுப்பதில் முதல் ஆளே சிவப்புதான். "அப்ப எந்தக் கலர் லைட்டோட நான் மாடி ஏறுறது?" என்கிறாள் அம்மா. இந்தத் தடவை நீ கண்டுபிடி.

அன்புடன்,
அப்பா