கூண்டுக்குள் பூச்சிமருந்து அடிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோழி வளர்க்கும் நண்பர்களே, வணக்கம்.

ஈ மொய்க்கிறது என்றதும் மருந்துத் தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு கூண்டுக்குள் நுழையாதீர்கள். அதைக் கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல்.

"கோழிதான் இருக்கிறதே, ஈயைத் தின்றுவிடாதா?" என்று சிலர் கேட்கிறீர்கள். பறக்கிற ஈயைக் கோழி எப்போதாவது கொத்திப் பிடிக்கும், அவ்வளவுதான். அதன் வேட்டை தரையில். ஈரமான எச்சத்தைக் குச்சியால் புரட்டிப் பாருங்கள், வெள்ளைப் புழுக்கள் நெளியும். சற்றுத் தள்ளி, காய்ந்த ஓரத்தில் செம்பழுப்பாக அசையாமல் கிடப்பவை கூட்டுப்புழுக்கள். கோழி காலால் சீய்த்துச் சீய்த்து இரண்டையும் பொறுக்கிவிடும். சீய்க்கச் சீய்க்க எச்சமும் உலரும். ஈரம் போனால் புழு வளராது.

மருந்தடித்தால் என்ன ஆகும்? விஷம் பட்டுத் தரையில் துடிக்கும் ஈயைக் கொத்தப் போவது உங்கள் கோழிதான். அந்த விஷம் முட்டைக்கும் போய்ச் சேரலாம். ஈக்கென்று தூவும் விஷக் குருணையையும் கோழி தீவனம் என்றே நினைக்கும். அப்புறம், நம் கண்ணில் சரியாகப் படாத சின்னக் குளவிகள் உண்டு. நம்மைக் கொட்டாது, ஈயின் கூட்டுப்புழுவுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும். மருந்து அவற்றையும் சேர்த்துக் கொல்கிறது. தப்பிய ஈக்களோ அந்த மருந்தைத் தாங்கும் சந்ததியைப் பெருக்குகின்றன.

ஒரு ஈ ஒரே தடவையில் 100-க்கு மேல் முட்டையிடும். வெப்பமான நாட்களில் 7 முதல் 10 நாளில் முட்டை ஈயாகிவிடும். எனவே வாரத்துக்கு இரண்டு முறை எச்சத்தை அள்ளுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றி நனைந்த மரத்தூளை அன்றன்றைக்கே மாற்றுங்கள். முதலில் புழு வைப்பது பெரும்பாலும் அங்கேதான். ஈப்பொறியைக் கூண்டுக்குள் வைக்காமல் தள்ளி வையுங்கள், உள்ளே வைத்தால் வெளியில் இருக்கும் ஈயும் வந்து சேரும்.

கோழி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நான் சொல்லவில்லை. ஈயும் சில வண்டுகளும் நாடாப்புழுவைக் கோழிக்குக் கடத்துகின்றன. அதனால் தீனிக்காக ஈப்புழுவை வேண்டுமென்றே பெருக்க வேண்டாம். செத்த கோழியை ஒருபோதும் அப்படியே கிடக்க விடாதீர்கள். அழுகிய உடலில் வளர்ந்த புழுவைத் தின்றால் அதிலுள்ள நஞ்சால் கழுத்து துவண்டு கோழி விழுந்துவிடும். அன்றே ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

இரத்தம் உறிஞ்சும் சிவப்புச் சிற்றுண்ணி வேறு சங்கதி. கோழி அடையும் கட்டையின் விரிசலில் பகலில் ஒளிந்திருந்து, கோழி தூங்கும்போது ஏறும். கோழியால் அதைச் சமாளிக்க முடியாது. இரவில் டார்ச் அடித்து அந்த விரிசல்களைப் பாருங்கள். இருந்தால் கட்டையைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றிக் கழுவுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கால்நடை மருத்துவரைக் கேட்டு, கோழிக்கு ஏற்ற மருந்தை அவர் சொல்லும் அளவில் மட்டும் பயன்படுத்துங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே கோழி வளர்க்கும் ஒருவர்