விளையாட்டு வகுப்பைப் பறிக்க வேண்டாம்

ஆசிரியருக்கு, தேர்வு நெருங்கினால் விளையாட்டு வகுப்பைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்ளும் பழக்கத்தைக் கண்டித்த தலையங்கத்தைப் படித்தேன். முழுவதும் உடன்படுகிறேன். 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்குத் தினமும் சராசரியாகக் குறைந்தது 60 நிமிட உடலியக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். ஆனால் இழப்பு உடலோடு நிற்பதில்லை. தோற்றவன் வென்றவனிடம் கை குலுக்குவதும், நடுவரின் தீர்ப்பை முணுமுணுக்காமல் ஏற்பதும் புத்தகம் படித்து வருகிற பழக்கங்கள் அல்ல. மைதானத்தில் கூடவே நின்று ஒருவர் பழக்கினால்தான் வரும்.

என் மகள் எட்டாம் வகுப்பில் சில வாரங்கள் யாரோடும் பேசாமல் ஒதுங்கியே இருந்தாள். சரி, வயசு அப்படி என்று நாங்கள் விட்டுவிட்டோம். முதலில் கவனித்தவர் உடற்கல்வி ஆசிரியைதான். கேள்வி எதுவும் கேட்காமல் ஸ்கோர் எழுதும் வேலையைக் கொடுத்தார். அப்புறம் அணியில் சேர்த்தார். பத்தே நாளில், வகுப்பில் சிலர் கேலி செய்வதை அவளே அவரிடம் சொன்னாள். விளையாட்டு வகுப்பை வேறு பாடத்துக்கு மாற்றக் கூடாது என்று கல்வித்துறை எழுத்துபூர்வமாக உத்தரவிட வேண்டும். மாணவர் நலன் பற்றிய பள்ளிக் கூட்டங்களில் உடற்கல்வி ஆசிரியரையும் அழைத்து, அவர் கவனித்ததைக் கேட்க வேண்டும்.